எம்பிஏ சேரும் முன் ஒரு மாவுக் கடையைத் தாளில் நடத்திப் பாருங்கள்

எம்பிஏ சீட் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "முன்கூட்டியே என்ன படிக்கலாம்?" என்பதுதான். சீனியர்கள் ஆளுக்கொரு புத்தகப் பட்டியல் கொடுப்பார்கள். வாங்கி அடுக்கி வைத்துவிட்டு ஒரு அத்தியாயம் புரட்டியதோடு சரி, ஜூன் வந்துவிடும். நானும் அப்படிப் போனவன்தான். மெக்கானிக்கல் முடித்த கையோடு போய் உட்கார்ந்து, முதல் தேர்வில் பேலன்ஸ் ஷீட்டின் (ஒரு பக்கம் கடையில் என்னென்ன இருக்கிறது, மறுபக்கம் அது யார் போட்ட காசு என்று காட்டும் கணக்கு) இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் வியர்த்து வழிந்தேன்.

இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு நான் புத்தகம் சொல்வதில்லை. ஒரு சின்ன வியாபாரத்தைப் பிடியுங்கள், எட்டு பத்து வாரம் அதைத் தாளில் நடத்துங்கள் என்கிறேன். முதல் வருடத்தில் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், ஆப்பரேஷன்ஸ் (வேலை எப்படி ஓடுகிறது என்ற பாடம்), நிதி, மார்க்கெட்டிங் என்று தனித்தனி வகுப்பாக நடத்துவார்கள். தனித்தனியாகப் படித்தால் எதுவும் ஒட்டாது. ஒரே கடைக்குள் ஆறு வாசல் வழியாக நுழைந்து பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

முதல் வருடம் ஏன் இவ்வளவு கணக்காக இருக்கிறது என்று ஒரு கேள்வி வரும். ஹார்வர்டு 1908-ல் எம்பிஏ வகுப்பைத் தொடங்கியது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் வணிகப் பள்ளிகள் ஏராளமாக முளைத்தன. பல இடங்களில் பாடம் மேலோட்டமாகவே இருந்தது. 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி அமைப்பும் ஆளுக்கோர் ஆய்வறிக்கை வெளியிட்டு இதைக் கடுமையாகச் சாடின. அதன் பிறகுதான் பொருளியலும் புள்ளியியலும் உளவியலும் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக மாறின. இரண்டு வருடம் கழித்து, 1961-ல், கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் தொடங்கப்பட்டன. இன்று உங்களை முதல் மூன்று மாதம் அழவைக்கும் பாடங்களின் பூர்வீகம் இதுதான்.

படி 1: கடையைத் தேர்ந்தெடுங்கள்

டீக்கடை, ஜெராக்ஸ் கடை, பனியன் தைக்கும் யூனிட், எதுவாகவும் இருக்கலாம். உரிமையாளர் உங்களோடு அரை மணி நேரம் பேசத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய கம்பெனி வேண்டாம். அதன் ஆண்டறிக்கை 300 பக்கம் இருக்கும், உள்ளே போனால் வழி தெரியாது.

இங்கே நான் ஒரு இட்லி மாவுக் கடையை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் கணக்குக்காக நான் வட்டமாக வைத்தவை. நாளுக்கு 200 கிலோ அரைத்து, கிலோ பாக்கெட்டாக மளிகைக் கடைகளுக்கு 40 ரூபாய்க்குப் போடுகிறார். அரிசி, உளுந்து, வெந்தயம், கவர், கரண்ட் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 26 ரூபாய் செலவு. மாத வாடகை 12,000, இரண்டு பேருக்குச் சம்பளம் 30,000, வண்டிக்கு 6,000. கிரைண்டர், ஃப்ரீசர் வகையில் 3 லட்சம் போட்டிருக்கிறார். தொடங்கும்போது கையிலிருந்து இரண்டரை லட்சம், கடனாக இரண்டரை லட்சம்.

படி 2: கணக்கு. இதற்கு மட்டும் மூன்று வாரம்

அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் பாடமும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை அச்சில் முதலில் விளக்கியவர் லூகா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி, 1494-ல், வெனிஸில். நம் ஊரில் பேரேடும் (லெட்ஜர்) ஐந்தொகையும் (பேலன்ஸ் ஷீட்) செட்டிநாட்டு வட்டிக்கடைகளில் சர்வசாதாரணமாகப் புழங்கிய சொற்கள். ஆகவே இது ஏதோ அந்நிய வித்தை என்று பயப்பட வேண்டாம்.

ஒரு மாதத்துக்கான லாப நட்டக் கணக்கை முதலில் எழுதுங்கள். 6,000 கிலோ விற்பனை, வரவு 2,40,000. பொருள் செலவு 1,56,000. வாடகை, சம்பளம், வண்டி 48,000. மெஷின் ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத் தேய்மானம் 5,000. மிச்சம் 31,000 ரூபாய் லாபம். வட்டியையும் வரியையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்.

சரி, மாதக் கடைசியில் கல்லாவில் 31,000 கூடியிருக்குமா? இங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. மளிகைக் கடைகளில் பாதிப் பேர் கையில் காசு கொடுக்கிறார்கள், மீதிப் பேர் 30 நாள் தவணை. முதல் மாதம் கைக்கு வந்தது 1,20,000 மட்டும். அரிசி மண்டியில் கடன் கிடையாது. சம்பளம், வாடகை காத்திருக்காது. வெளியே போனது 2,04,000. கல்லாவில் 84,000 குறைகிறது. கணக்குப் புத்தகம் 31,000 லாபம் என்கிறது.

இரண்டையும் இணைத்துப் பாருங்கள். லாபம் 31,000. தேய்மானம் கையை விட்டுப் போன காசு இல்லை, அதனால் 5,000-ஐத் திரும்பக் கூட்டுங்கள். வரவேண்டிய பாக்கி 1,20,000-ஐக் கழியுங்கள். மைனஸ் 84,000. கேஷ் ஃப்ளோ அறிக்கை என்று பெரிய பெயரில் வகுப்பில் வருவது இந்த மூன்று வரிதான். இதைக் கையால் ஒருமுறை போட்டவருக்கு அது மறக்காது.

இனி பேலன்ஸ் ஷீட். முதல் நாள்: மெஷின் 3,00,000, ரொக்கம் 2,00,000, மொத்தம் 5 லட்சம். எதிர்ப்பக்கம் கடன் இரண்டரை, சொந்த முதல் இரண்டரை. மாதக் கடைசி: மெஷின் 2,95,000, வரவேண்டிய பாக்கி 1,20,000, ரொக்கம் 1,16,000, மொத்தம் 5,31,000. எதிர்ப்பக்கம் கடன் 2,50,000, முதலும் லாபமும் 2,81,000, அதுவும் 5,31,000. இரண்டு பக்கமும் டேலி ஆகும் அந்த நொடியில் ஒரு சின்ன சந்தோஷம் வரும். வெட்கப்படாமல் அனுபவியுங்கள்.

அப்புறம் ஒரு விஷமமான பயிற்சி. மூன்றாவது மாதம் விற்பனை இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (மெஷின் தாங்குமா என்பதைப் பிறகு பார்ப்போம்). லாபம் 1,15,000 என்று காட்டும். காசு? பழைய பாக்கி 1,20,000, புது விற்பனையில் ரொக்கப் பாதி 2,40,000, ஆக வந்தது 3,60,000. பொருளுக்கு 3,12,000, மற்றதுக்கு 48,000, போனதும் 3,60,000. லட்சத்துக்கு மேல் லாபம், கல்லாவில் ஒரு ரூபாய் கூடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடை திடீரென்று மூடப்பட்டதைப் பார்த்து, "வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போச்சே, என்ன ஆச்சு?" என்று தெருவில் பேசிக்கொள்வார்களே, பல நேரம் ஆனது இதுதான்.

இதையெல்லாம் எக்செல்லில் செய்யும்போது ஒரே ஒரு ஒழுங்கைப் பழகுங்கள். விலை, செலவு, தவணை நாள் போன்ற அனுமானங்கள் எல்லாம் ஒரு தனித் தாளில் இருக்கட்டும். ஃபார்முலாவுக்குள் நேரடியாக எண்ணை அடிக்காதீர்கள். 30 நாள் தவணையை 15 என்று ஒரே இடத்தில் மாற்றினால் மொத்தக் கணக்கும் தானாக மாற வேண்டும். உரிமையாளரிடம் அதைத் திறந்து காட்டி, தவணையை மாற்றினால் அவருடைய கல்லாவுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். அவர் அடுத்த அரை மணி நேரத்தைத் தானாகவே கொடுப்பார்.

படி 3: செலவைப் பொருளியல்காரர் போலப் பாருங்கள்

ஒரு கிலோ கூடுதலாக விற்றால் கையில் நிற்பது 40-26, அதாவது 14 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு, தேய்மானத்தோடு மாதம் 53,000. வகுத்தால் சுமார் 3,786 கிலோ, நாளுக்கு 126. அதற்குக் கீழே போனால் நட்டம். இது எளிது.

கடினமானது அடுத்தது. உரிமையாளர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கடைக்கு வருகிறார். அவருடைய சம்பளம் மேலே எந்த வரியில் இருக்கிறது? எங்கும் இல்லை. வேறு இடத்தில் வேலைக்குப் போனால் 25,000 கிடைக்கும் என்றால், அந்த 31,000 லாபத்தில் உண்மையாக மிஞ்சுவது 6,000. அவர் போட்ட இரண்டரை லட்சத்துக்கு வங்கி வட்டியையும் கழித்தால் இன்னும் சுருங்கும். ஒன்றைச் செய்வதால் கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு, வாய்ப்புச் செலவு என்று பாடத்தில் வரும்போது வரையறையை மனப்பாடம் செய்யாதீர்கள், அந்த மூன்று மணி அலாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூழ்கிய செலவும் (ஏற்கெனவே போட்டு, இனி திரும்பாத காசு) இதே வாரத்தில் படிக்க வேண்டியது. "இவ்வளவு போட்டாச்சே" என்ற வாக்கியத்தை யாராவது சொல்லும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். போட்டது போனதுதான். இனி போடப்போவதும் இனி வரப்போவதும் மட்டுமே முடிவுக்கு உதவும். இதைப் புரிந்துகொள்வது ஐந்து நிமிட வேலை. கடைப்பிடிக்கத்தான் ஆயுள் போதாது, என்னையும் சேர்த்து.

படி 4: எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்

ஒரு நாள் விடிகாலையில் கடைக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். கையில் பேனா, தாள், கைப்பேசியில் நேரம். ஊறவைப்பது, அரைப்பது, கரைத்து வைப்பது, பாக்கெட் போடுவது, வண்டியில் ஏற்றுவது. ஒவ்வொன்றும் மணிக்கு எத்தனை கிலோ என்று குறியுங்கள். நம் கடையில் கிரைண்டர் மணிக்கு 40 கிலோ, பாக்கெட் போடுபவர் 60 கிலோ. ஐந்து மணி நேர ஓட்டத்தில் 200 கிலோதான் வரும். கூடுதலாக ஒரு ஆளை பாக்கெட் போட வைத்தால் அவர் கைப்பேசி பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு கிலோகூட அதிகம் வராது. அடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே செலவழிக்கும் ரூபாய்க்குத்தான் மதிப்பு.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அடைப்பு அறுவை மருத்துவரின் நேரம். எனவே ஒரு மருத்துவருக்குப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவரைச் செவிலியர்கள் தயார்ப்படுத்திவிடுவார்கள். மருத்துவர் திரும்பினால் போதும். ஹார்வர்டு 1993-ல் இதை ஒரு கேஸாக, அதாவது வகுப்பில் விவாதிக்கும் நிறுவனக் கதையாக, எழுதி வெளியிட்டது. உலகெங்கும் எம்பிஏ வகுப்புகளில் அதை வைத்துப் பாடம் நடக்கிறது. மதுரைக்காரர்கள் அங்கே வரிசையில் உட்கார்ந்து வந்தவர்கள், பாடத்தை உள்ளிருந்தே பார்த்தவர்கள்.

இன்னொரு சூத்திரம், ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. ஓர் இடத்துக்குள் இருக்கும் சராசரி அளவு, அங்கே வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. பார்த்தால் சப்பென்று இருக்கும். மளிகைக் கடை ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள்: சராசரியாக 30 பாக்கெட் கிடக்கிறது, நாளுக்கு 10 விற்கிறது. அப்படியென்றால் ஒரு பாக்கெட் சராசரியாக மூன்று நாள் அங்கே கிடக்கிறது. "மாவு புளிச்சுப் போச்சு" என்று திரும்பி வருவதற்குக் காரணம் உளுந்தும் இல்லை, வெயிலும் இல்லை. கடையில் 15 மட்டும் வைத்தால் ஒன்றரை நாளாகிவிடும்.

படி 5: இன்றைய காசும் நாளைய காசும்

நிதிப் பாடத்தின் அடித்தளம் ஒரே ஒரு கருத்து. அது நமக்குப் புதிதே இல்லை. சீட்டு போட்டவர்களுக்குத் தெரியும், மூன்றாம் மாதம் தள்ளி எடுப்பதற்கும் கடைசி மாதம் எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று. "ஒரு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம். "ரெண்டு வட்டி" 24. நாளைய காசை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டியை வகுப்பில் தள்ளுபடி விகிதம் என்று சொல்லும்போது மனசுக்குள் இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

அடைப்பு கிரைண்டரில் இருக்கிறது, இன்னொன்று வாங்கலாமா? விலை 2 லட்சம். நாளுக்கு 12 கிலோ கூடுதலாக விற்றால் கிலோவுக்கு 14 வீதம் வருடத்துக்குச் சுமார் 60,000 மிஞ்சும். ஐந்து வருடம் உழைக்கும். மொத்தம் 3 லட்சம் வருகிறது, 2 லட்சம் போகிறது, லாபம்தானே என்பார் அவசரக்காரர்.

ஒரு வட்டிக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருடக் கடைசியில் வரும் 60,000-இன் இன்றைய மதிப்பு, அதை 1.12-ஆல் வகுத்தால், 53,571. இரண்டாம் வருடம் இருமுறை வகுக்க வேண்டும், 47,832. பிறகு 42,707, 38,131, 34,046. கூட்டினால் ஏறத்தாழ 2,16,300. போட்ட 2 லட்சத்துக்கு மேல் 16,300 மிச்சம், வாங்கலாம். 15 சதவீதத்தில் மிச்சம் ஆயிரம் சொச்சம்தான். ரெண்டு வட்டிக்கு வாங்கிப் போட்டால் இன்றைய மதிப்பு சுமார் 1,64,700. அதாவது 35,000-க்கு மேல் நட்டம். மெஷின் அதேதான், மாவு அதேதான். காசு எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் மாறியது.

எக்செல்லில் ஒரே ஃபார்முலாவில் விடை வந்துவிடும். ஆனால் முதல் ஐந்து கணக்கைக் கால்குலேட்டரில் போடுங்கள். அப்போதுதான் ஐந்தாம் வருடக் காசு எவ்வளவு மெலிந்துபோகிறது என்பது கண்ணில் படும்.

படி 6: சராசரியை நம்பாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எத்தனை கிலோ அரைப்பது? அன்று மட்டும் மெஷினைச் சீக்கிரமே போட்டுவிடலாம், அளவு பிரச்சினை இல்லை. கடந்த 20 ஞாயிறுகளில் கடைகள் கேட்ட அளவை எழுதுங்கள். கேட்ட அளவு, கொடுத்த அளவு அல்ல. தீர்ந்துபோன பிறகு வந்த போன்களும் அதில் சேர வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பெரிய கம்பெனிகளே கோட்டைவிடுகின்றன.

சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இப்படி வருகிறது என்று வைப்போம்: 170, 180, 185, 190, 195, 200, 205, 210, 215, 220, 225, 230, 235, 240, 245, 250, 255, 260, 270, 300. சராசரி 224. எல்லோரும் 224 அரைக்கச் சொல்வார்கள். இன்னும் தைரியசாலிகள் 260 என்பார்கள்.

ஒரு கிலோ குறைவாக அரைத்தால் இழப்பு 14 ரூபாய் லாபம். ஒரு கிலோ அதிகமாக அரைத்துக் கொட்டினால் இழப்பு 26 ரூபாய். தப்பு இரண்டு பக்கமும் ஒரே விலை இல்லை. 14-ஐ 14+26-ஆல் வகுத்தால் 0.35. அரைத்தது போதுமானதாக இருக்கும் வாய்ப்பு இந்த விகிதத்தைத் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். இருபதில் 35 சதவீதம் ஏழு. அடுக்கிய வரிசையில் ஏழாவது எண் 205. சராசரியை விடக் கிட்டத்தட்ட 20 கிலோ குறைவாக அரைப்பதுதான் சரி. பேப்பர் போடுபவரின் கணக்கு என்று வகுப்பில் இதற்குப் பெயர். காலைப் பேப்பரை மாலையில் விற்க முடியாது அல்லவா.

புளித்த மாவை எதிர்த்தெருப் பணியாரக் கடை 12 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால்? அதிகம் அரைத்ததன் இழப்பு 26 இல்லை, 14. இரண்டு பக்கமும் சமம், விகிதம் 0.5, பத்தாவது எண் 220. ஒரு பணியாரக் கடையோடு பேசியதில் அரைக்கும் அளவே மாறுகிறது. எனக்குப் பிடித்த கணக்கு இது. முதல் வருடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

படி 7: வாங்குபவரும் வேலை செய்பவரும்

மார்க்கெட்டிங்குக்கு முன்தயாரிப்பு அதிகம் தேவையில்லை. யார் வாங்குகிறார், எதற்கு, எவ்வளவு காசோடு வருகிறார் என்ற மூன்று கேள்வியோடு கடை வாசலில் ஒரு மாலை நின்றால் போதும். கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்பு 50 பைசா பாக்கெட்டாக ஊர் ஊராகப் போனது இந்த மூன்றாவது கேள்வியால்தான். பாட்டிலுக்குக் காசு இல்லாதவரிடமும் 50 பைசா இருந்தது. நம் மாவுக் கடையில் தனியாக வசிப்பவருக்கு அரை கிலோ பாக்கெட் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

மனிதவளத்தையும் நிறுவன நடத்தையையும் பையன்கள் "கதைப் பாடம்" என்று ஒதுக்குவார்கள். வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே அந்த அலட்சியம் கரைந்துவிடும். ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்: பாக்கெட் போடுபவருக்கு மாதச் சம்பளத்துக்குப் பதில் பாக்கெட்டுக்கு இத்தனை காசு என்று மாற்றினால் என்னவாகும் என்று எழுதுங்கள். வேகம் கூடும். எடை குறையும். ஓரம் சரியாக ஒட்டாத கவர்கள் வண்டியில் ஒழுகும். எதை அளக்கிறீர்களோ அது மட்டும் வளரும்.

படி 8: கேஸ் படிப்பதும் வாய் திறப்பதும்

பல பள்ளிகளில் பாடம் கேஸ் வழியாகத்தான் நடக்கும். 15, 20 பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் கதை, கடைசியில் அட்டவணைகள். முதலிலிருந்து கடைசிவரை கதை போலப் படித்தால் இரவு போய்விடும். முதல் பக்கமும் கடைசிப் பத்தியும் முதலில். யார், எந்தத் தேதிக்குள், எதை முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து நேராக அட்டவணைக்குப் போங்கள். படி 2-இலிருந்து 6 வரை செய்ததில் எது இங்கே பொருந்துகிறது என்று பாருங்கள். கணக்குப் போட்ட பிறகு நடுப்பகுதியைப் படியுங்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வாருங்கள். "இதுவும் சரி, அதுவும் சரி" என்பது வகுப்பில் எடுபடாது.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு, ஆசிரியர் திடீரென்று பெயர் சொல்லியும் கூப்பிடுவார். சரளமாகப் பேசுபவரோடு சரளத்தில் போட்டி போடாதீர்கள். ஒரு எண்ணோடு வாயைத் திறங்கள். "முதல் மாதம் 84,000 குறைகிறது, காரணம் தவணை" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் வகுப்பு திரும்பிப் பார்க்கும். அதற்குப் பின் பேசுபவர் உங்கள் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும்.

கடைசி வாரம் உரிமையாளருக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். பின்னணி, முறை, நன்றி எதுவும் மேலே வேண்டாம். பதில் முதல் வரியில், காரணம் அதற்குக் கீழே, கணக்கு இன்னும் கீழே. எனக்குப் பிடித்த வடிவம் இப்படி இருக்கும்:

"அண்ணே, கடைகளுக்குத் தவணையை 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை 205 கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டாம். பணியாரக் கடைக்காரர் 12 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டால் 220 வரை போகலாம். புது கிரைண்டரை 15 சதவீதத்துக்குக் கீழே வங்கிக் கடன் கிடைத்தால் வாங்குங்கள், ரெண்டு வட்டிக்கு வாங்க வேண்டாம். கணக்கு பின்பக்கம் இருக்கிறது."